தீவு நாடகமும் வீரம்மாவும்

"அந்த வீரம்மா சொல்றது பூராம் பொய்யிக்கா. உங்களை நல்லா ஏமாத்துறா."

அடுக்களை வாசலில் நின்று பக்கத்து வீட்டு லீலா சொன்னாள். அமிர்தவல்லி சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசு லீலா. நாடகம் ஆரம்பிக்கப் போகுது."

டெல்லி டிவி இன்னும் மலை ஏறாத காலம். ஆனால் உயரமாக ஆன்டெனா கட்டினால் கொடைக்கானலில் இலங்கை டிவி பளிச்சென்று தெரியும். நாயுடுபுரத்தில் டிவி இருந்தது அமிர்தவல்லி வீட்டில்தான். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவே அங்கே கூடிவிடும்.

சிங்கள நாடகம். படகு உடைந்து, முன்பின் தெரியாத ஏழு பேர் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். ஆளே இல்லாத தீவு. ஆனால் தினமும் காலையில் ஏழு இளநீர் சீவி வைத்திருக்கும். யார் வைப்பது என்று தெரியாமல் தெருவில் பாதிப் பேருக்கு அந்த வாரம் பூராவும் நிம்மதி கிடையாது.

பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்வது வீரம்மா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். கேரட் காட்டில் கூலி வேலை. சிலோன்காரிக்குச் சிங்களம் தெரியாமலா இருக்கும் என்று சொல்லி அமிர்தவல்லிதான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கதை சொன்னால் வயிறார டிபன், வீட்டில் சீக்காகப் படுத்திருக்கும் புருஷனுக்கு ஒரு தூக்குச்சட்டி சாப்பாடு. அதுதான் கூலி.

டிவி பக்கத்தில் நாற்காலியும் அவளுக்குத்தான். லீலாவுக்குப் பாய்.

"என் தம்பி குமாரவேல் கொழும்புக் கடையில பத்து வருஷம் இருந்தவன். கூட்டியாந்திருக்கேன். இன்னைக்குத் தெரிஞ்சுரும்" என்று லீலா கூடத்துக்குப் போனாள்.

நாடகம் ஓடியது. தாடிக்காரன் ஒருவன் ஒரு கிழவியின் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினான்.

வீரம்மா சொன்னாள்: "அம்மா, நீங்க யாரோ, நான் யாரோ. ஆனாலும் நீங்க பட்டினி கெடக்கையில என்னால திங்க ஏலாதுங்கிறாரு."

பாயில் இருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். குமாரவேல் மட்டும் சிரித்துவிட்டான்.

"அவன் பெட்டிச் சாவி எங்கேன்னு கேக்குறான். குடுக்கலேன்னா கடல்ல தள்ளிருவேங்கிறான்."

எல்லாரும் வீரம்மாவைப் பார்த்தார்கள்.

"ஒனக்குச் சிங்களம் தெரியுமா, தெரியாதா?" என்றாள் லீலா.

வீரம்மா எழுந்துகொண்டாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"கடையில சாமான் கேக்குற அளவுதாங்க. தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீடுகள்ல எல்லாம் நம்ம ஆளுக. தமிழ்தான் பேசுவோம்."

"அப்ப இத்தனை வாரமும்?"

"மொகத்தைப் பாத்துச் சொன்னேங்க."

அமிர்தவல்லி கரண்டியோடு வந்தாள். "உக்காரு வீரம்மா. சாவி கேக்குற கதை இங்க யாருக்கு வேணும்? இத்தனை பேரு நீ சொல்றதைக் கேக்கத்தான் வாராக."

"வாஸ்தவம்" என்றார் மூலையில் இருந்த மூக்கையாத் தாத்தா. "அந்தக் கெழவி சாப்பிட்டாளா இல்லையா, அதைச் சொல்லு தாயி."

கூடமே சிரித்தது. வீரம்மா உட்கார்ந்தாள். கிழவி சாப்பிட்டாள். தாடிக்காரனும் சாப்பிட்டான்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தது. தட்டில் வைத்த இட்லியை வீரம்மா தொடவில்லை.

"தப்பாச் சொன்னதுக்குக் கூலி வேணாங்க."

"பாதியில ஒருத்தராச்சும் எந்திரிச்சுப் போனாகளா?"

"இல்லீங்க."

"அப்ப நீ வேலை பாத்திருக்கே. ஆறுறதுக்குள்ள சாப்பிடு. அடுத்த வாரம் வெள்ளனே வந்துரு."

வீரம்மா சாப்பிட்டாள். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள்.

போகாமல் நின்ற லீலாவுக்கு மனசு ஆறவில்லை. "எந்தம்பி வரலேன்னா இது உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒரு நன்றி உண்டா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டிவியில் சிங்களச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி தட்டுகளை அடுக்கினாள். அவள் புருஷன் சேனாதிபதி கேட்டார்:

"என்னவாம்?"

"நுவரெலியாவுல நாளைக்கும் மழையாம். மண்ணு சரிஞ்சு ரோட்டை அடைச்சிருக்காம்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அவர் சிரித்தார். "உங்கப்பா மாத்தளையில கடை வச்சிருந்தப்ப சிங்களப் பள்ளிக்கூடத்துல எட்டு வருஷம் படிச்சவ நீ. அவ சொல்றது கதைன்னு மொத வாரமே தெரிஞ்சிருக்குமே. பெறகும் ஏன் அவளையே கூப்பிடுறே?"

"மழைக்காலம், காட்டுல வேலை இல்ல. சும்மா வந்து சாப்பிடுன்னா வருவாளா? அவளுக்குன்னு ஒரு சோலி வேணும்லங்க."