நானூற்றுப் பதினோராவது படம்

அந்தப் பெண் மறுபடியும் கடை வாசலில் வந்து நின்றதும், சென்னியப்பன் பீரோ சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பைக்குப் பொத்தானும் போட்டார்.

பல்லடத்துக்குப் பக்கத்துப் பனியன் நகரில், ராயபுரத்தில் லேபிள் விற்பது அவர் தொழில். ஓவியர் நிழலன் அந்தக் காலத்து வார இதழ்களில் கதைகளுக்கு வரைந்த படங்களைச் சேர்ப்பது அவர் வாழ்க்கை. இதுவரை நானூற்றுப் பதினொன்று. பழைய இதழ் கிடைத்தால் நிழலன் படம் உள்ள தாளை மட்டும் கிழித்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடுவார். கதையை ஒருநாளும் படித்ததில்லை.

வாட்ஸப்பில் ‘நிழலன் ரசிகர் பேரவை’ என்று ஒரு குழு உண்டு. உறுப்பினர்கள் இரண்டு பேர். இவரும், பல்லடம் தறிக்காரர் சண்முகவேலும். இருவருமே அட்மின். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

“என்னங்க அம்மிணி, போன வாரமே சொன்னனில்லீங்க? படமெல்லாம் விக்கறதில்லீங்க.”

“வெலைக்குக் கேக்கல அண்ணாச்சி. ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

அவள் பெயர் ராமுத்தாய். அருப்புக்கோட்டைப் பக்கம். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எண்பத்தொன்பதாம் வருஷத்துப் பொங்கல் வார இதழைத் தேடிப் பழைய பேப்பர் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடைக்காரர் கைகாட்டி இங்கே வந்திருந்தாள்.

“யாருக்குங்க பாக்கோணும்?”

“எங்கம்மாவுக்கு. படுத்த படுக்கையாக் கெடக்கு. கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா காட்டுன்னு கேக்குது. முப்பத்தெட்டாம் பக்கம்னு நம்பரோட சொல்லுது அண்ணாச்சி.”

சென்னியப்பன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். சாகக் கிடக்கிறவர்கள் தண்ணி கேட்பார்கள், பால் கேட்பார்கள், பெற்ற பிள்ளையைக் கேட்பார்கள். நிழலன் படத்தையா கேட்பார்கள்? தவிர, படம் இருப்பது முப்பத்தேழாம் பக்கம். பாடம் சொல்லி அனுப்பிய ஆள் நம்பரைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஆள் யார் என்பதிலும் சந்தேகமில்லை. எட்டு மாத மௌனத்துக்குப் பிறகு அன்று காலைதான் சண்முகவேல் பேரவையில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: ‘89 பொங்கல் படம் தங்களிடம் உள்ளதா?’

இருந்தாலும், இருக்கிற பொருளைக் காட்டாமல் இருக்கப் பெருமை விடவில்லை. பீரோவைத் திறந்து, மழையில் குடை பிடித்து நிற்கும் பெண்ணின் படத்தை உறையிலிருந்து எடுத்து, ஒரு மூலையைத் தானே பிடித்துக்கொண்டு நீட்டினார்.

ராமுத்தாய் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். துணியில் ஓட்டை பார்க்கிற மாதிரி ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“இதேதான் அண்ணாச்சி! இதுல வந்து...”

சென்னியப்பன் வெடுக்கென்று பிடுங்கினார். “போதுமுங்க. ஒரிஜினல்தான்னு பல்லடத்துல போயிச் சொல்லீருங்க.”

“பல்லடமா? அண்ணாச்சி, நான் சொல்றதக் கொஞ்சம்...”

“கெளம்புங்க அம்மிணி. கடை சாத்தோணும்.”

மணி காலை பதினொன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்றாவது முறையாக வந்தாள். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய செல்போன்.

“ஒரு போட்டோ மட்டும் புடிச்சுக்கிறேன் அண்ணாச்சி. ஒங்க பொருள் ஒங்ககிட்டயே இருக்கட்டும். நேத்துலருந்து அம்மாவுக்குக் கஞ்சி எறங்கல.”

இந்தத் தடவை சென்னியப்பன் சாவியைத் தேடவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தலைக்கு மேலே சுவரைக் காட்டினார். முக்கால் இஞ்ச் பிளைவுட்டில் குடைக்காரி பளபளத்துக்கொண்டிருந்தாள்.

“தாராளமாப் புடிச்சுக்குங்க. ஆனாத் தூக்கீட்டுப் போக முடியாதுங்க. ஆசாரியக் கூப்பிட்டு, ஃபெவிக்கால் ஊத்தி, ரெண்டு நாள் மேல கல்லு வெச்சு ஒட்டியாச்சு. மேல வார்னிஷும் அடிச்சாச்சு. சண்முகவேலு உளி கொண்டாந்தாலும் ஒரு நூலு பேக்க முடியாதுங்க.”

ராமுத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தின் ஒரு மூலையில் நகத்தை நுழைத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு மூலையில் பார்த்தாள்.

“ஏனுங்க, அதத்தான் சொன்னனில்லீங்க? வராதுங்க.”

அவள் இறங்கினாள்.

“எதுக்கு அண்ணாச்சி ஒட்டுனீங்க?”

“நீங்க ரெண்டு தடவ வந்தீங்கல்ல, அதுக்குத்தானுங்க. சரி, போட்டோ எடுக்கலீங்களா? வெளிச்சம் பத்துலீங்களா?”

ராமுத்தாய் செல்போனை முந்தானையில் முடிந்துகொண்டாள். குடைக்காரியை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

“எங்கண்ணன் சாகுறதுக்கு முந்தி குறுக்கெழுத்துப் போட்டியில பரிசு வாங்குனான். அவன் மொகம் இருக்க போட்டோ ஒலகத்துலயே ஒண்ணுதான் அண்ணாச்சி,” என்றாள். “இந்தப் படத்துக்குப் பின்னால, முப்பத்தெட்டாம் பக்கத்துல.”