சரியாக எட்டு மணிக்கு

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் அந்த வீட்டின் அழைப்பு மணியை மெர்ஹாவி மூன்றாவது முறையாக அடித்தான். பக்கத்தில் அவன் மனைவி லுவாம், விடியற்காலையில் சுட்ட எரித்திரிய ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ரோகோஸ்ட் சாப்பிட்டுக்கிட்டே வாடகை விஷயம் பேசலாம்னுதானே எழுதியிருந்தாங்க?"

"ஆமா. காலைச் சாப்பாடுன்னா எட்டு மணிதான். பெர்கன்ல ஆறு வருஷம் இருந்தவனுக்குத் தெரியாதா?"

"அப்போ நம்ம மூஞ்சியை ஜன்னல்ல பாத்துட்டுத்தான் திறக்கல. எட்டு வீடு போச்சு, இது ஒம்பதாவது."

"சும்மா இரு, கேட்டுடப் போகுது."

கதவு திறந்தது. வீட்டுக்காரி இங்கெர் இரவு உடையில் நின்றாள். முகத்தில் துளி சிரிப்பில்லை.

"மணி என்ன?"

"எட்டு அஞ்சு. நாங்க சரியா எட்டுக்கே வந்துட்டோம்."

"பேச்சைக் கேட்டா நார்வேயில, பெர்கன் பக்கம் இருந்தவங்க மாதிரி இருக்கு."

"இருந்தோம். அதனால என்ன?" லுவாமின் குரலில் சூடு ஏறியது.

"அங்கதான் ஃப்ரோகோஸ்ட்னா காலைச் சாப்பாடு. டென்மார்க்ல அது மத்தியானச் சாப்பாடு. நான் கூப்பிட்டது பன்னெண்டு மணிக்கு."

மெர்ஹாவிக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுடுங்க, அப்புறமா வர்றோம்" என்று லுவாமின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"நில்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மாமியார் என்னை ஃப்ரோகோஸ்டுக்குக் கூப்பிட்டாங்க. எட்டு மணிக்கே போய் நின்னேன். பன்னெண்டு வரைக்கும் அந்தம்மா கதவைத் திறக்கவே இல்லை."

இங்கெர் ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நானும் பெர்கன் பொண்ணுதான். உள்ள வாங்க, ரொட்டி ஆறிடும்."