எட்டுக்கட்டை அமிர்தம்

அடுத்த வீட்டு அமிர்தம் பாட ஆரம்பித்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்தினவேலுவின் தலை தானாக ஆடியது. பரிமாறிக்கொண்டிருந்த மயிலம்மாளுக்கு வயிறு எரிந்தது.

மயிலம்மாளுடைய குரலுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டவன் அவன். ஸ்ரீரங்கம் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று அவள் மெல்லப் பாடியதைக் கேட்டுவிட்டு, மறுவாரமே பெண் கேட்டு வந்தான். கல்யாணமான புதிதில் அவள் பாடினால்தான் அவனுக்குச் சோறே இறங்கும். இப்போதோ அவள் வேலையோடு வேலையாகப் பாடினாலும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. டூரிங் கொட்டகைப் பாட்டைத் தெருவுக்கே கேட்கக் கத்துகிற அமிர்தம்தான் இனிக்கிறாள். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் இரைச்சலிலேயே கிடந்து மனுஷனுக்கு ரசனையும் கெட்டுப்போய்விட்டது.

"அப்படி என்னங்க இருக்கு அவ பாட்டுல?" என்று வெடித்தாள்.

"என்னமோ புள்ள, அதைக் கேட்டா மனசு லேசாயிடுது."

அடுக்களையில் போய் அழுதாள். அழுது முடித்ததும் ரோஷம் வந்தது. தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனின் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, அதே படித்துறைப் பாட்டை எடுத்தாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. கடைசி அடி வரை உருகி உருகிப் பாடினாள்.

அவன் திரும்பவே இல்லை.

ஆத்திரத்தோடு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். திடுக்கிட்டுத் திரும்பியவன், பூவைப் பார்த்துச் சிரித்தான்.

"எப்ப வந்த மயிலு?" என்றான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒரு பாட்டுப் பாடேன். வருஷக்கணக்கா நீ வாயே தெறக்க மாட்டேங்கிற. எம்மேல அப்படி என்ன கோவம்?"