முப்பத்தேழாம் எண்

பழைய மாணவர் கூடுகையில் விளையாட்டாக வருகைப்பதிவு எடுத்தார்கள். வேதியியல் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முப்பது வருடத்துப் பழைய பதிவேட்டைப் பிரித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாசில்தாரோ வங்கி மேலாளரோ எழுந்து "பிரசன்ட் சார்" என்று கூவ, கூடமே சிரித்தது. டிஎஸ்பி தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. கொலை வழக்கில் ஒன்பது வருடமாகத் தலைமறைவாக இருக்கும் தங்கப்பழம் இன்று வருகிறான் என்று அவருக்குத் தகவல். கடைசி வரிசையில் மஃப்டியில் இருந்த இரண்டு காவலர்களும் அவனைப் பார்த்ததில்லை. "முப்பத்தேழுன்னதும் எந்திரிக்கிறவன் எவனோ, அவனை அமுக்கிருங்க" என்று சொல்லிவைத்திருந்தார்.

"முப்பத்தேழு. தங்கப்பழம்."

யாரும் எழவில்லை. பேராசிரியரின் பேனா பதிவேட்டின் மேல் நின்றது. அப்போது ஒருவன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். படித்த காலத்திலும் தங்கப்பழம் நேரத்துக்கு வந்ததே இல்லை. அன்று போலவே அவன் கண்கள் மூன்றாவது பெஞ்சில் தணிகாசலத்தைத் தேடிப் பிடித்தன.

"பிரசன்ட் சார்!"

மூன்று வருடம் தங்கப்பழத்துக்கு ப்ராக்ஸி கொடுத்த அதே கீச்சுக்குரல். தணிகாசலம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பின்னால் பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டு, பாதியில் நின்றது. வாசலில் இப்போது யாரும் இல்லை.

பேராசிரியர் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டு. தணிகாசலம்."