வெடிக்காத இடது குழல்

"முயலுக்கு எதுக்குங்க ரெண்டு குழல்னு அப்பவே கேட்டனே!" செம்மநத்தத்துல, ஊட்டுக்குப் பின்னால காப்பிச் செடிங்களுக்கு நடுவுல பானு கத்தறா. "ஒண்ணு தப்புனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான் வாங்குனேன்," புருசன் காளியப்பன் முனகறான். புதுசா வாங்கி, பொறி தட்டற சக்கிமுக்கிக் கல்லை மாத்தி மாத்திச் சரி பண்ணுன துப்பாக்கி. வலது குழல் நல்லா வெடிச்சிருச்சு. இடதுல கல்லு உரசிப் பொறி பறந்துச்சு, குழலுக்கு வெளிய கிண்ணியில வச்ச மருந்து புஸ்ஸுனு எரிஞ்சுச்சு, ரவை மட்டும் கிளம்பல. உள்ள நெருப்பு கனியுதா, அணைஞ்சிருச்சா? கீழ வைக்கவும் பயம், புடிச்சுக்கிட்டு நிக்கவும் பயம். "எட்டிக்கிட்டி பாத்தீங்க, அப்பறம் எம்பொட்டு போயிருமுங்க!" பனி இறங்குது. மண்மேட்டுப் பக்கமே குழலை நீட்டிக்கிட்டு, காலை மாத்தி மாத்தி நிக்கறான். இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்? பக்கத்து ஊட்டுல இருந்து போன்ல கேக்கறேன், தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு உடனே பதில் போடுங்க.