அடைப்பு

குழிக்குள் ஏற்கெனவே ஒருவர் இறங்கியிருந்தார்.

இஸ்திரி அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கையில் வாளி, ரப்பர் கையுறை. மற்றவர்கள் வருவதற்குள் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் அது. முதலாளி மூடிவிட்டுப் போகப் பார்த்தபோது, வேலை செய்தவர்களே சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். இனிமேல் ஏவுவதற்கென்று யாரும் கிடையாது என்று முடிவானது.

துவைக்க ஆள் இருந்தது. மடிக்க ஆள் இருந்தது. வண்டி ஓட்டப் போட்டியே இருந்தது.

மெஷினுக்குப் பின்னால் இருக்கும் முழங்கால் ஆழக் கழிவுநீர்க் குழி அடைத்துக்கொண்டது என்றதும், நேற்றுக் கூட்டத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அடைப்பு எடுக்காவிட்டால் இன்று மெஷின் ஓடாது. ஆஸ்பத்திரி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். "ஆளுக்கு ஆள் நாட்டாமைன்னா இப்படித்தான்" என்று அவள் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

குழிக்குள் இருந்தவர் முழங்கைவரை கையை விட்டு இழுத்தார். நூலும் முடியும் சோப்புப் பிசுக்குமாக ஒரு கொத்து வந்தது. தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. அவர் மூக்கு நுனியில் கறுப்பு அப்பியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"வேலை சுலபம்தாம்மா. இதை யார் தலையில கட்டலாம்னு யோசிக்கிறதுதான் கஷ்டம்."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வாளியை நீட்டினாள்.

வாளி பாதி நிறைவதற்குள் வண்டிக்காரர் தோளில் கம்போடு வந்தார். அவருக்குப் பின்னால் மடிக்கிற பெண்கள் இருவர், துடைப்பத்தோடு. மற்றவர்கள் செய்யமாட்டார்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொருவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் அகப்பட்டுக்கொண்ட முழி முழித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

மெஷின் ஓடத் தொடங்கியது.

குழியிலிருந்து ஏறிக் கைகால் கழுவி வந்தவரிடம் வண்டிக்காரர் டீயை நீட்டினார். பழக்கதோஷம், "சார்" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் கூச்சத்தோடு தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

போன மாதம்வரை அங்கே மேனேஜர் அவர். அந்தப் பதவியே இனி வேண்டாம் என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தபோது, சரியென்று முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.