சாட்சிச் செலவு

“கண்ணுசாமி வராம இந்தக் கேசு நடக்கக் கூடாதுய்யா” என்றாள் சொர்ணத்தாய்.

அரசு வக்கீல் பூவனநாதன் கேஸ் கட்டை மூடினார். “வந்தா நல்லதுதாம்மா. கருத்தப்பாண்டி வெட்டுனதைப் பார்த்தேன்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான். உன் புருசனுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம். அப்படிப்பட்டவன் உங்க பக்கம் சாட்சி சொன்னா ஜட்ஜ் நம்புவாரு. ஆனா அவன் சூரத்துல கெடக்கானே. ரெண்டு போலீஸ்காரங்க ரயிலேறிப் போயி, தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். அதுக்குப் பணம் ஒதுக்கலை. அவன் இல்லாமலே நடத்துவோம்.”

“நடத்தினா?”

“கருத்தப்பாண்டி விடுதலை ஆயிருவான்.”

“அப்பம் நிப்பாட்டி வைங்க. அரசாங்கம் பணம் தரட்டும். நான் கேக்குதேன்.”

கயத்தாறு பக்கத்துக் கரிசல் காட்டில், பருத்திக்கு நடுவே வெட்டுப்பட்டுச் செத்தவன் அவள் புருஷன் இசக்கியப்பன். அவனுக்குக் கஞ்சி கொண்டு போன சொர்ணத்தாய், வரப்பில் மயங்கிக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குள் பக்கத்துக் காட்டுக்காரன் கருத்தப்பாண்டி கைதாகியிருந்தான். வரப்புத் தகராறு ஊருக்கே தெரிந்த கதை. பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்த லாரி டிரைவர் கண்ணுசாமி, லோடு ஏற்றிக்கொண்டு சூரத்துக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான்.

“சூரத் எம்புட்டு தூரம்?” என்று மட்டும் கேட்டாள், கண் விழித்த சொர்ணத்தாய். போக மூன்று நாள் ஆகும் என்றார், வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஏட்டு. அதன்பிறகு அவள் பேசவில்லை. நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். அதில் எழுதியிருந்ததை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை தோறும் கூலியை விட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றாள். மனு ஒன்றேதான்: கொலை வழக்குக்குச் சாட்சியைக் கூட்டி வர அரசு பணம் ஒதுக்க வேண்டும். இரண்டு கலெக்டர்கள் மாறிப் போனார்கள். அவள் மட்டும் மாறவில்லை.

ஒருநாள் கொழுந்தன் முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். “மதினி, கருத்தப்பாண்டி ஜாமீன்ல வந்து பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு நிக்கான். அங்கனயே சோலிய முடிச்சிருதேன்.”

“அவன் மேல உன் நெகம் படக் கூடாது” என்றாள். “உங்க அண்ணனை வெட்டுனவன் கோர்ட்டுல வச்சு மாட்டணும். ஊரு பார்க்கணும். அதுக்குத்தான் நான் உசுரோட இருக்கேன்.”

மூன்றாம் வருஷம் அரசு உத்தரவு வந்தது. செலவுக்குப் பணமில்லாமல் நின்றுபோன கொலை வழக்குகளுக்குத் தனி நிதி. மாவட்டத்தில் முதல் பெயர் இசக்கியப்பன் கேசு.

ஏட்டு வீட்டுக்கே வந்து சொன்னார். “நாளைக்கு ரயிலேறுதோம்மா.”

“ஏட்டையா, சாட்சி சொல்லணும், படிக்காசு கெடைக்கும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லுங்க. நான் மனுப் போட்டதைச் சொல்லிராதீங்க.”

“ஏம்மா?”

“சும்மாதான்.”

கண்ணுசாமி வந்து இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது. அரசாங்கச் செலவில் புரோட்டா தின்றுவிட்டு, கோர்ட் வராந்தா பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்களோடு உட்கார்ந்தான். சொர்ணத்தாயைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.

“அழாதீங்க மதினி. நான்தான் வந்துட்டேன்லா.”

“ஆமா” என்றாள். “வந்துட்ட.”

முதல் சாட்சியாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். எதிரே, குற்றவாளிக் கூண்டில் கருத்தப்பாண்டி தலை கவிழ்ந்து நின்றான். கூட்டத்தில் முப்பிடாதி அவனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“கஞ்சி கொண்டு போனப்ப காட்டுல யாரையாவது பார்த்தியாம்மா?” என்று கேட்டார் பூவனநாதன்.

“வெட்டும்போதே பார்த்தேன்யா. ரெண்டாவது வெட்டு விழுந்தப்பத்தான் எனக்கு நெனவு தப்பிச்சு.”

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். அதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது. “இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?”

“சொல்லியிருந்தா அவன் கோர்ட்டுக்கு வந்திருக்க மாட்டான்யா.”

வக்கீலுக்குப் புரியவில்லை. கூண்டைப் பார்த்தார். “சரி, வெட்டுனவனை ஜட்ஜ் ஐயாவுக்குக் காட்டு.”

சொர்ணத்தாய் கையை நீட்டினாள். கை கருத்தப்பாண்டியைத் தாண்டி, வாசலைப் பார்த்துப் போயிற்று.

“வெளிய பெஞ்சுல, ரெண்டு போலீஸ்காரங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கான்யா.”